சூசையப்பர்கரைக்குக் கனடா கொடுத்த வாக்கு

மல்வேர்ன், ரொறன்ரோ
9 பெப்ரவரி 2025

அன்பு மருமகள் மக்டலீனுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் உன் மாமி கிளடிஸும் பனிக்குள் புதையாமல் இருக்கிறோம். நீயும் றூபனும் பிள்ளைகளும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

மாமா ஏன் போன் எடுக்காமல் கடிதம் எழுதுகிறார் என்று நத்தார் வாழ்த்து மட்டையில் கேட்டிருந்தாய். போனில் கதைத்தால் மாமி பக்கத்தில் நின்று, "அவர் சொல்லுறதில பாதியைக் கழிச்சுப்போட்டுக் கேள் பிள்ளை" என்று ஸ்பீக்கருக்குள் சொல்கிறாள். ஒரு பெரிய மனிதன் தன் மருமகளோடு உலக நடப்புப் பேச முடியாத வீடு இது. ஆகவே வேலை முடிந்து வரும் வழியில் கோப்பிக்கடையில் இருந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் எழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. பெரிய வாத்தியாரே தன் மகளின் கலியாண அழைப்பிதழை என்னைக் கொண்டுதான் எழுதுவித்தவர். உன் அம்மா உயிரோடு இருந்தால் சாட்சி சொல்லுவாள்.

விசயத்துக்கு வருகிறேன். உங்கள் கரையில் கருங்கல் அணை கட்டுகிற வேலை நின்றுபோனது என்று எழுதியிருந்தாய். அது அமெரிக்காவால் வந்த வினை. உலகம் சூடேறாமல் பார்ப்போம், கடல் ஏறுகிற ஊர்களுக்குக் கைகொடுப்போம் என்று எல்லா நாடுகளும் பாரிசில் கையெழுத்து வைத்தன. இப்போது அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தை விட்டு வெளிக்கிடுகிறேன் என்று அறிவித்துவிட்டது. அணைக்கு அவர்கள் தந்துகொண்டிருந்த காசும் நின்றுவிட்டது. நீ கவலைப்படாதே. பந்தியில் இருந்து மூத்தவர் எழும்பிப் போனால் அடுத்த மூத்தவர்தானே கறியைப் பங்கிட வேண்டும். அந்த அடுத்தவர் கனடா.

இதை நான் சும்மா அளக்கவில்லை. நான் வேலை செய்யும் மிசிசாகா அலுவலகத்தில் மேல்மாடி முழுக்க அரசாங்கத்தின் சுற்றாடல் ஆட்கள்தான். என்னைத் தாண்டாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. டொக்டர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் காலையில் எனக்கு முன்னால் நின்று, நான் தலையசைத்த பிறகுதான் போகிறார்கள். அங்கே காற்றுவாக்கில் என் காதில் விழுவது தலைநகர் ஒட்டாவாவில் மந்திரிக்கே அடுத்த கிழமைதான் தெரியும்.

உன் தாய்மாமன்,
அ. அமிர்தநாதர் (கனடா)


சூசையப்பர்கரை, மன்னார்
16 மார்ச் 2025

அன்பான மாமாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் வந்தது. றூபனும் வாசித்தார்.

கல்லை லொறிகளில் கொண்டுவந்து கோயிலடி வரைக்கும் பறித்துக் கொட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. எங்கள் பக்கம் ஒரு கல்லும் இல்லை. திட்டத்து அலுவலகத்தைப் பூட்டி, மேசை கதிரையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடலைப் பார்த்த முன்வரிசை வீடுகளின் கிணறுகள் உப்பாகிவிட்டன. பேபி அக்கா வீட்டு வேலி போன மாரியில் கடலுக்குள் போனது. இப்போது குசினிச் சுவரில் அலை தட்டுகிறது.

பிரதேச செயலகத்தில் முன்வரிசைக் குடும்பங்களுக்கு வீதிக்கு அந்தப் பக்கம் காணி தருகிறோம் என்கிறார்கள். மே மாதம் முடிய முன்னர் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காணி வேறு ஊருக்குப் போகும். பெண்களுக்குப் போக விருப்பம். ஆண்கள், படகையும் எஞ்சினையும் கரையில் விட்டுவிட்டு அவ்வளவு தூரத்தில் எப்படிப் படுப்பது என்கிறார்கள். அணை வருமென்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள்.

நான் மாதர் சங்கச் செயலாளர். "உன்ரை மாமா அங்க பெரிய இடத்தில இருக்கிறார், கேட்டுச் சொல்லு" என்று எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். கனடா இந்த அணையைக் கட்டுமா? கட்டும் என்றால் இருப்போம். இல்லை என்றால் இப்போதே சொல்லுங்கள், கையெழுத்து வைக்கச் சொல்கிறேன். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள். அதுவும் எனக்கு உதவும்.

அன்புடன்,
மக்டலீன்


மல்வேர்ன்
13 ஏப்ரல் 2025

அன்பு மருமகளுக்கு,

கட்டும்.

முதலில் அதை எழுதிவிட்டுத்தான் கோப்பியை வாயில் வைத்தேன். ஓம் பிள்ளை, கட்டும். கல்லுக்கு மேல் கல் வைத்துக் கட்டும்.

ஆதாரம் இத்துடன் இருக்கிறது, படத்தைப் பார். நேற்று மார்க்கம் நகரத்து மண்டபமொன்றில் எங்கள் மன்னார் நலன்புரிச் சங்கத்தின் புதுவருட இராப்போசனம். தேர்தல் காலம் என்பதால் ஒரு பெரிய அரசியல்வாதி வந்திருந்தார், அடுத்த மந்திரிசபையில் நிச்சயம் இருக்கப்போகிறவர். எனக்குப் பொன்னாடை போர்த்தும்போது எடுத்த படம் இது. சனம் எல்லாம் எழுந்து நின்றது. நான் அவரை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சூசையப்பர்கரையைப் பற்றி விளங்கப்படுத்தினேன். கொத்துரொட்டி ஆறும் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் என் தோளைப் பிடித்து, "மிஸ்டர் அமிர், உங்கள் கரை எங்கள் கரை" என்றார். அமெரிக்கா விட்ட இடத்தில் கனடா தலைமை தாங்கும், கனடா போட்ட கையெழுத்தை அழிக்காத நாடு என்றார். எனக்கே கண் கலங்கியது.

இன்னுமொரு நல்ல செய்தி, றூபனுக்குச் சொல். இங்கே பெற்றோலுக்குப் போட்டிருந்த கார்பன் வரியை இந்த மாதம் எடுத்துவிட்டார்கள். காருக்கு அடித்துக்கொண்டு திரிகிறோம்.

காணிக்கு அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். வீதிக்கரையில் போய் இருந்துகொண்டு கடலைப் படத்திலா பார்ப்பீர்கள்? இது என் வாக்கு. கனடாவின் வாக்கும் இதுதான்.

உன் தாய்மாமன்,
அ. அமிர்தநாதர்
காலநிலை அலுவலகம், மிசிசாகா


சூசையப்பர்கரை
8 யூன் 2025

அன்பான மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பங்குக் கோயில் மண்டபத்தில் ஒலிவாங்கி வைத்து வாசித்தேன். "உங்கள் கரை எங்கள் கரை" என்ற இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்கள். பேபி அக்கா கை தட்டினா. நான் அவவைக் கை தட்டிப் பார்த்ததே இல்லை.

ஒருவரும் காணிக்குக் கையெழுத்து வைக்கவில்லை. தவணை முடிந்துவிட்டது.

இளைஞர் கழகத்துப் பெடியங்கள் நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, "கனடா அரசின் காலநிலை ஆலோசகர் திரு. அமிர்தநாதர் அவர்களுக்கு எமது கரையின் நன்றி" என்று பனர் அடித்துச் சந்தியில் கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள்.

ஒரு சின்ன விசயம். ரம்ஸீன் சேர், பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "மக்டலீன், கனடாவும் முந்தி ஒருக்கா இப்பிடி வெளிக்கிட்ட நாடுதானே. கியோத்தோ ஒப்பந்தம். ரெண்டாயிரத்துப் பதினொண்டில. மாமாவுக்கு அது தெரியாதா?" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். நான், "மாமாவுக்குத் தெரியாமல் இருக்காது சேர்" என்றேன்.

உண்மையா மாமா?

அன்புடன்,
மக்டலீன்


மல்வேர்ன்
10 ஓகஸ்ற் 2025

அன்பு மருமகளுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. இங்கே வடக்கே காடுகள் எரிகின்றன. புகை மல்வேர்ன் வரைக்கும் வந்து, சூரியன் காயப்போட்ட மீன்சினை மாதிரிச் சிவந்து தொங்குகிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போது தொண்டை கமறுகிறது. அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்.

ரம்ஸீன் சேருக்கு என் சலாம். அவர் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். கனடா அந்த நேரம் வெளிக்கிட்டது. ஆனால் வெளிக்கிட்டது மாதிரி வெளிக்கிட்டுப் பின்வாசலால் திரும்பி உள்ளே வந்தது. இதற்கு ராசதந்திரம் என்று பெயர், புவியியல் புத்தகத்தில் இருக்காது. இதைப் பற்றி மாமியிடமும் ஒரு சொல் கேட்டுப் பார்த்தேன். அவள், "அந்த மார்கழியில நீங்கள் பேக்கரியில ரெண்டு ஷிப்ற் அடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். கனடா வெளிக்கிட்டதும் தெரியாது, உள்ளுக்க வந்ததும் தெரியாது. இப்ப என்ன திடீரெண்டு?" என்றாள். நான் சும்மா என்றேன். பனர் விசயம் அவளுக்குச் சொல்லவில்லை.

மந்திரிசபையில் இப்போது சிறிது இழுபறி. பெரிய வேலை என்றால் அப்படித்தான். எதற்கும் ஒரு காவலுக்கு அந்தக் காணிக் கையெழுத்தையும் வைத்துப் போட்டால் என்ன? தவணை கொஞ்சம் நீட்டுவார்கள்தானே. கேட்டுப் பார் பிள்ளை. அணை வராது என்று நான் சொல்லவில்லை. ஒரு காவலுக்குத்தான்.

மாமா


சூசையப்பர்கரை
7 செப்ரெம்பர் 2025

அன்பான மாமாவுக்கு,

பிரதேச செயலகத்துக்கு நானும் றூபனும் பேபி அக்காவும் போனோம். காணி வேறு ஊர் ஆட்களுக்குக் கொடுபட்டுவிட்டது. அத்திவாரம் வெட்டுகிறார்கள், போகிற வழியில் கண்டோம்.

கனடா ஆட்கள் எந்த மாதம் வருவார்கள்? மாரிக்கு முன்னரா, பின்னரா? அதை மட்டும் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

மக்டலீன்


சூசையப்பர்கரைப் பாடசாலை
10 டிசம்பர் 2025

அன்பான மாமாவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று மாமி போனில் அறிந்திருப்பா. மிச்சத்தை எழுதுகிறேன்.

புயலோடு கடல் வந்தது. முன்வரிசையில் இப்போது வீடுகள் இல்லை. எங்களுடையதும் இல்லை. கோயிலடியில் கல் பறித்திருந்த இடத்தில் மட்டும் கரை நிற்கிறது, கத்தியால் வெட்டி வைத்த மாதிரி. சனத்தை நேரத்தோடு பாடசாலைக்கு ஏற்றியதால் ஒருவரும் சாகவில்லை. றூபன் எஞ்சினை இழுக்கப் போய்க் காலை முறித்துக்கொண்டார்.

வகுப்பறை காணாது. வெளியே கொட்டில் போட்டிருக்கிறோம். மேலே போடத் தறப்பாள் இல்லை. பெடியங்கள் சந்தியில் இருந்த உங்கள் பனரை அவிழ்த்துக்கொண்டுவந்து எங்கள் கொட்டிலுக்குப் போட்டார்கள். நல்ல தடிப்பு, ஒழுகவில்லை. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் பொன்னாடையோடு நீங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

செப்ரெம்பரில் எழுதினேன். பதில் இல்லை. அங்கே தபால்காரரின் வேலைநிறுத்தம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் விருப்பம்.

மாமா, உங்களை ஒருவரும் ஏசவில்லை. என்னைத்தான் ஏசுகிறார்கள். நான் உங்களுக்குச் சரியாக எழுதவில்லையாம், உங்களை நெருக்கவில்லையாம். "அவருக்கு இன்னொருக்கா எழுது, மந்திரியைக் கையோட கூட்டிக்கொண்டு வருவார்" என்கிறார்கள். சனம் இன்னும் உங்களை நம்புகிறது. அடுத்த வாரம் பக்கத்து ஊர்க்காரர் தங்கள் கரைக்கும் சேர்த்து உங்களிடம் கேட்கச் சொல்லி வரப்போகிறார்கள். அவர்களுக்கும் காணி காட்டியிருக்கிறார்கள். அவர்களும் கையெழுத்து வைக்காமல் நிற்கிறார்கள்.

நான் மண்டபத்தில் வாசிக்கக்கூடிய மாதிரி ஒரு கடிதம் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். எது உண்மையோ அது மட்டும்.

மக்டலீன்


மல்வேர்ன்
28 டிசம்பர் 2025

மகள் மக்டலீனுக்கு,

இந்தத் தாளின் முதல் பக்கம் உனக்கு. அடுத்த பக்கம் மண்டபத்துக்கு.

உன் செப்ரெம்பர்க் கடிதம் வேலைநிறுத்தத்துக்கு முன்னரே கிடைத்துவிட்டது. சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்தேன். வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. தபால் போகாது, இனி என்ன செய்வது என்று மாமியிடமே சொன்னேன். போன் இருந்தது. போன் எடுத்திருக்கலாம்.

"தெரியாது என்றால் தெரியாது என்று எழுதுங்கள்" என்று நீ கேட்டிருந்தாய். அதை எழுதத்தான் அன்றைக்குக் கடைக்குப் போனேன். பேனை வேறு பக்கம் இழுத்தது. இத்தனை வருசம் இந்த நாட்டில் இருந்தும் ஒன்றும் தெரியாதவன் என்று நீ அறிந்துவிடுவாய் என்ற பயம். ஊரில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. முதல் தரம் ஒரு ஊரே என்னிடம் கேட்டது. அந்த ருசியில் உங்கள் வீட்டை நான் தின்றுவிட்டேன்.

எல்லாவற்றையும் மாமிக்குச் சொன்னேன். வழமையாக என்றால் கத்துவாள். இம்முறை கத்தவில்லை. "பாதியைக் கழிச்சுக் கேக்கச் சொல்லி எத்தினை தரம் அந்தப் பிள்ளைக்குச் சொன்னனான்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மாமா

*

சூசையப்பர்கரை மக்களுக்கும் பக்கத்து ஊர் மக்களுக்கும்,

நான் அமிர்தநாதர். மிசிசாகாவில் ஒரு கட்டடத்தின் வாசலில் பாதுகாப்பு வேலை செய்கிறேன். அந்தக் கட்டடத்தில் அரசாங்கத்தின் சுற்றாடல் ஆட்கள் வேலை செய்வது உண்மை. நான் அவர்களுடைய அட்டையைப் பார்த்துக் கதவைத் திறந்துவிடுகிறவன். அவர்களில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது.

பனரில் இருக்கும் படத்தில் பொன்னாடை எனக்குப் போர்த்தப்படவில்லை. அந்த அரசியல்வாதிக்கு நான்தான் போர்த்தினேன். எங்கள் சங்கத்தில் வருகிற பெரியவர்களுக்குப் போர்த்துவது வழக்கம். அன்றைக்குப் பொருளாளர் பிந்தி வந்ததால் என்னிடம் தந்தார்கள். அவர் உயரமான ஆள். துணி நழுவி என் தோளில் விழுந்த நேரம் படம் எடுத்துவிட்டார்கள். நான் அவரிடம் சொன்னது "ஹலோ சேர்" மட்டும். அவர் சொன்னது "வணக்கம்" மட்டும். உங்கள் கரையைப் பற்றி ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. அவர் சொன்னதாக எழுதியது முழுக்க நான் கோப்பிக்கடையில் இருந்து செய்தது.

கனடா உங்களுக்கு ஒரு வாக்கும் தரவில்லை. கனடா முன்பு ஒரு ஒப்பந்தத்தை விட்டு வெளிக்கிட்ட நாடு என்று ரம்ஸீன் சேர் சொன்னது சரி. இனி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

பக்கத்து ஊர்க்காரர் காணிக்குக் கையெழுத்து வையுங்கள். மக்டலீன் என்னிடம் சரியாகத்தான் கேட்டாள். பிழை அவளுடையது இல்லை.

அமிர்தநாதர்


சூசையப்பர்கரைப் பாடசாலை
1 பெப்ரவரி 2026

மாமாவுக்கு,

வாசித்தேன். இம்முறை ஒலிவாங்கி இல்லை, தேவையும் இருக்கவில்லை.

வாசித்து முடித்ததும் பின்னால் இருந்து ஒருவர், "ஆலோசகர் எண்டாய், கடைசியில வாசல் வாச்சரோ" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்தும்தான். பக்கத்து ஊர்க்காரர் எழும்பிப் போனார்கள். அடுத்த நாள் செயலகத்தில் வரிசையில் நின்றதாகக் கேள்விப்பட்டேன். அது ஒன்றாவது நடந்தது.

என்னைச் செயலாளர் வேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம். படத்தைப் பார்த்ததும் மயங்கியவள் நானும்தானே. பெரிய இடத்து மாமா இருப்பது எனக்கும் இனித்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்று இருந்தேன். இன்னும் வரவில்லை. பொய்யாக எழுதவும் மனம் இல்லை.

ஆனால் பேபி அக்கா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னா. எல்லோரும் வெளியே போன பிறகு என் கையைப் பிடித்துக் கேட்டா.

"உன்ரை மாமா நிக்கிறது அவையள் வேலைக்குப் போற வாசலிலயோ?"

"ஓம் அக்கா."

"ஒவ்வொரு நாளும் அவையள் உவருக்கு முன்னாலதான் போகினமோ?"

"ஓம்."

"அவையளுக்கு ஒருநாளும் எங்களைப் பற்றிச் சொல்லேல்லையோ?"

"இல்லை அக்கா. பேர்கூடத் தெரியாதாம்."

"எங்களுக்கு அவ்வளவு கதை சொன்ன மனுசன். அங்க ஒருக்கா வாயைத் திறக்கச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னா. கோபமாகச் சொல்லவில்லை.

மக்டலீன்


மல்வேர்ன்
8 மார்ச் 2026

மகள் மக்டலீனுக்கு,

நானும் மாமியும் சுகம். றூபனின் கால் கட்டு அவிழ்த்துவிட்டார்களா என்று மாமி கேட்கிறாள்.

உன் கடிதம் கிடைத்துச் சில நாள் வழமைபோலக் கதவை மட்டும் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். வாசலில் நிற்கிறவர்கள் "குட் மோர்னிங்" தவிர வேறு கதைக்கக் கூடாது என்று எங்களுக்குச் சட்டம். அதைச் சாட்டாக வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். பிறகு செவ்வாய்க்கிழமை காலை கதைத்தேன்.

சைக்கிளில் வருகிற ஒரு மனிதர். தலைக்கவசத்தைக் கையில் வைத்திருப்பார். நடுவயது. அவர் பெரியவரா, சின்னவரா, எந்தப் பகுதியில் வேலை செய்கிறார், எனக்குத் தெரியாது. அட்டையைக் காட்டினார். நான் கதவைத் திறக்காமல், "சேர், என் சகோதரியின் மகளின் வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது" என்றேன். என் இங்கிலீஸ் உனக்குத் தெரியும். அவர் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு என்ன என்று கேட்டார். திரும்பச் சொன்னேன். அணை கட்டத் தொடங்கியதையும், காசு நின்றதையும், கல் பறித்த இடம் மட்டும் நிற்பதையும் சொன்னேன். நான் உங்களுக்கு எழுதியதையும் சொல்ல வெளிக்கிட்டேன். அதற்கு இங்கிலீஸ் வரவில்லை. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார்.

அவர் எந்த இடம் என்று கேட்டார். சிறீலங்கா, மன்னார் என்றேன். ஊரின் பெயரைக் கேட்டார். சொன்னேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "ஐ ஆம் சொறி" என்றார். லிஃப்ற் வந்தது, போய்விட்டார்.

அடுத்த நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டு எச்சரித்தார். இனிக் கதைத்தால் வேறு இடத்துக்கு மாற்றுவாராம். வியாழக்கிழமை ஒரு பெண்ணோடு கதைத்தேன். அவ நிற்கவில்லை.

பேபியிடம் சொல், வாயைத் திறந்தேன் என்று. இன்னும் ஒன்றையும் சரியாகச் சொல்லிவிடு. நான் எழுத்துகளைச் சொல்லும்போது அந்த மனிதரின் கையில் போன் இருந்தது, பெருவிரல் அசைந்தது. உங்கள் ஊரின் பெயரைத்தான் எழுதினாரோ, வேறு ஆருக்காவது பதில் அனுப்பினாரோ, நான் பார்க்கவில்லை. எழுதினார் என்று சொல்லாதே.

மாமா